'மை' எங்கே போச்சு?

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து ஓர் எழுத்து காணாமல் போயிருக்கிறது. 'மை'. பேனாவில் ஊற்றுகிற மை இல்லை, ஆங்கில 'மை'.

1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது திரையின் இடது மூலையில் ஒரு படம் இருக்கும். அடியில் 'மை கம்ப்யூட்டர்' என்று எழுதியிருக்கும். அந்தக் கால கம்ப்யூட்டர் சென்டர்களில் முதல் நாள் பாடமே, "மை கம்ப்யூட்டரை டபுள் கிளிக் பண்ணுங்க" என்பதுதான். 2007-ல் விஸ்டா கடைக்கு வந்தது. 'மை' போய் வெறும் 'கம்ப்யூட்டர்' ஆயிற்று. 2013-ல் விண்டோஸ் 8.1 வந்தது. அதில் 'திஸ் பிசி' என்றார்கள். என் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர், இந்த பிசி. சொந்த வீட்டில் இருப்பவனை முதலில் 'என் வீடு' என்று சொல்லாதே, 'வீடு' என்று சொல் என்றார்கள். அப்புறம் 'இந்தக் கட்டடம்' என்று சொல்லச் சொன்னார்கள். நாமும் சொன்னோம். காசு கொடுத்து வாங்கியது நாம்தானே என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பெயரை மாற்றினதற்கா இத்தனை கோபம் என்று கேட்காதீர்கள். பெயர் போன வழியில்தான் மற்றதும் போயிருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அந்தப் படத்தைத் தட்டினால் மஞ்சள் ஃபோல்டர்களாக ஒரு ஜன்னல் திறக்கிறதே, அதுவும் ஒரு சாஃப்ட்வேர்தான். பெயர் எக்ஸ்ப்ளோரர். அந்த வகைக்குப் பொதுப்பெயர் ஃபைல் மேனேஜர். ('கோப்பு மேலாளர்' என்று எழுதினால் எனக்குத் தாலுகா ஆபீஸ் ஞாபகம் வருகிறது. தமிழ் ஆர்வலர்கள் மன்னிக்கவும்.) உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் "நீங்க எந்த ஃபைல் மேனேஜர் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார்கள். கொஞ்சம் விவரமானவர், "அதுவா... மெஷினோடயே வந்துச்சு" என்பார்.

புது மெஷின் வாங்கினால் முதல் நாளே குரோம் இறக்குகிறோம். சினிமா பார்க்க விஎல்சி போடுகிறோம். போனுக்கு உறை, ஒட்டுக் கண்ணாடி எல்லாம் தேடித் தேடி வாங்குகிறோம். ஆனால் கல்யாண போட்டோவிலிருந்து பத்திரம் ஸ்கேன் பண்ணினது வரை எல்லாவற்றையும் எடுத்து வைத்து, எடுத்துக் கொடுக்கிற ஆளை மட்டும் கம்பெனி அனுப்பி வைத்தபடியே வைத்துக்கொள்கிறோம். வேறு ஆள் கிடைப்பான் என்பதே நமக்குத் தெரியாது. அவனை மாற்றலாம். மாற்ற வேண்டும். இதுதான் இந்த வாரம் என் கட்சி.

ஏன் மாற்ற வேண்டும்? முதல் குற்றச்சாட்டு, அவன் பாதிப் பெயரைத்தான் சொல்கிறான்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து இனிஷியல் மாதிரி சில எழுத்துகள் உண்டு. அது படமா, பாட்டா, கடிதமா, இயங்குகிற புரோகிராமா என்று காட்டுவது அதுதான். எக்ஸ்ப்ளோரர் தனக்குத் தெரிந்த வகைகளுக்கு அந்த இனிஷியலை மறைத்து வைக்கிறது. நீங்களாகப் போய் மாற்றினால்தான் காட்டும். விண்டோஸ் 95-ல் இருந்த இந்தப் பழக்கம் விண்டோஸ் 11-லும் அப்படியே இருக்கிறது.

இதனால் என்ன குடி முழுகிப்போச்சு? 2000 மே மாதம் முழுகியது. பிலிப்பைன்ஸில் கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ் மெயிலில் ஒரு காதல் கடிதமாக வந்தது. ஃபைலின் முழுப்பெயர் 'லவ் லெட்டர் ஃபார் யூ டாட் டிஎக்ஸ்டி டாட் விபிஎஸ்'. கடைசியில் இருக்கிற விபிஎஸ்தான் விஷம், அது ஒரு புரோகிராம். அந்த வாலை விண்டோஸ் மறைத்துவிட்டதால் பார்ப்பவர் கண்ணுக்கு டிஎக்ஸ்டி, அதாவது சாதாரணக் கடிதம் என்று தெரிந்தது. ஆசையாகத் திறந்தார்கள். ஓரிரு நாளில் ஆசியாவிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா வரை அலுவலகங்கள் மெயிலை நிறுத்திவைக்கும்படி ஆனது.

அது வெளிநாட்டுக் கதை என்றால், நம்மூர் ஜெராக்ஸ் கடைக் கதை இருக்கிறது. 2000-களில் பென் டிரைவைக் கடையில் கொடுத்து வாங்கினால் உள்ளே 'நியூ ஃபோல்டர்' என்று புதிதாக ஒன்று குந்தியிருக்கும். மஞ்சள் ஃபோல்டர் படம்தான். ஆனால் அது ஃபோல்டரே இல்லை. பின்னால் 'டாட் இஎக்ஸ்இ' என்று ஒரு வால், அதை மறைத்துவிட்டு ஃபோல்டர் வேஷம் போட்டு வந்த வைரஸ். கிளிக் பண்ணினால் முடிந்தது. தமிழ்நாட்டில் அதை ஒரு தடவையாவது கிளிக் பண்ணாத விரல் குறைவு. வாலைக் காட்டியிருந்தால் பள்ளிக்கூடப் பையன்கூட, "இது ஃபோல்டர் இல்லைடா" என்று சொல்லியிருப்பான். திருடன் முகத்தில் துணியைப் போட்டு வாட்ச்மேனே உள்ளே கூட்டிக்கொண்டு வந்த மாதிரிதான் இது.

மறைத்ததற்கு அவர்கள் சொல்லும் சமாதானம், 'சாதாரண மக்களுக்குக் குழப்பமாக இருக்கும்' என்பது. இந்த 'சாதாரண மக்கள்' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரேஷன் கார்டில் எத்தனை இலக்கம், ஆதாரில் எத்தனை இலக்கம், எந்த பஸ்ஸில் எந்த எழுத்து ஒட்டியிருந்தால் எந்த ஊருக்குப் போகும் என்று எல்லாம் தெரிந்த மக்களுக்கு, ஒரு புள்ளியும் மூன்று எழுத்தும் குழப்புமாம்.

இந்த 'சாதாரண மக்களில்' ஒருவரை எனக்குத் தெரியும். சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகிற வழியில் ஆட்டையாம்பட்டி. கை முறுக்குக்குப் பேர்போன ஊர். சுற்றுவட்டாரத்தில் விசைத்தறிச் சத்தம் ஓயாது. இளம்பிள்ளை சேலைக்காரர்களும் கூப்பிடுகிற தூரம்தான். அங்கே ஒரு சின்ன அறையில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிறார் ஒரு தம்பி. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர்.

சேலை டிசைன் என்றால் ஓவியம் இல்லை. முந்தானை, கரை, புட்டா ஒவ்வொன்றையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் பாவு நூல் ஏற வேண்டும், எதில் இறங்க வேண்டும் என்று குறிக்க வேண்டும். முன்பு கிராஃப் காகிதத்தில் வரைந்து அட்டையில் துளை போடுவார்கள். ஜக்கார்டு பெட்டி அந்தத் துளையைப் படித்து நெய்யும். இப்போது கம்ப்யூட்டரில் கட்டம் போட்டுப் படமாகச் சேமித்து, அதை வைத்து அட்டை குத்துகிறார்கள். எலெக்ட்ரானிக் ஜக்கார்டு என்றால் அட்டையும் கிடையாது, பென் டிரைவை நேரே தறியில் செருக வேண்டியதுதான். ஆக, தப்பான ஃபைல் போனால் தப்பான சேலைதான் வரும். ஒரு பாவு முழுக்க.

அவர் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கில் டிசைன். 'மாங்கா பார்டர் 240', 'மாங்கா பார்டர் 240 நியூ', 'மாங்கா பார்டர் 240 நியூ ஃபைனல்'. திரையைப் பார்த்தேன். எக்ஸ்ப்ளோரர் இல்லை. நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்த ஜன்னல். இடது பக்கம் ஒரு பட்டியல், வலது பக்கம் ஒரு பட்டியல். படம் இல்லை, பகட்டு இல்லை, எழுத்துதான். கீழே வரிசையாக எஃப்3, எஃப்5, எஃப்6 என்று பொத்தான்கள்.

"என்ன தம்பி, பழைய டாஸ் மாதிரி இருக்கு?"

"இடது பக்கம் என்னோடதுங்க சார், வலது பக்கம் தறிக்காரரோட பென் டிரைவுங்க. எஃப்5 அடிச்சா இங்கிருந்து அங்க காப்பி. அவ்ளோதானுங்க. முந்தி மவுஸ்ல இழுத்து இழுத்துப் போடுவேன். சில சமயம் காப்பி ஆகும், சில சமயம் ஃபைலே அங்க போயிரும். ஏன்னே தெரியாதுங்க."

ஏன் என்று அவருக்குத் தெரியாதது அவர் தப்பு இல்லை. இதுதான் என் இரண்டாவது குற்றச்சாட்டு. எக்ஸ்ப்ளோரரில் ஒரு ஃபைலை மவுஸால் இழுத்து வேறு ஃபோல்டரில் போடுங்கள். இரண்டும் ஒரே டிரைவில் இருந்தால் ஃபைல் இடம் பெயர்ந்துவிடும். பழைய இடம் காலி. அதே ஃபைலை சி டிரைவிலிருந்து பென் டிரைவுக்கு இழுத்தால் நகல் ஆகும். அசல் அங்கேயே இருக்கும். கை செய்தது ஒரே வேலை, நடந்ததோ இரண்டு வேறு வேலை. பேங்கில் ஒரே சலானை நீட்டினால் ஒரு கவுன்டரில் பணம் போடுகிறான், பக்கத்துக் கவுன்டரில் எடுக்கிறான் என்றால் சும்மா இருப்பீர்களா? இங்கே முப்பது வருஷமாகச் சும்மா இருக்கிறோம். அந்த இரட்டை ஜன்னலில் காப்பி என்றால் எஃப்5, இடம் மாற்ற எஃப்6. 'இதை, அங்கே, சரியா?' என்று ஒரு கேள்வியும் கேட்டுவிட்டுத்தான் செய்யும்.

இந்த இரட்டை ஜன்னல் நேற்றுக் கண்டுபிடித்தது இல்லை. 1986-ல் ஜான் சோச்சா என்பவர் எழுதிய 'நார்ட்டன் கமாண்டர்' டாஸ் காலத்தில் போட்ட பாதை. பிறகு 1993-ல் சுவிட்சர்லாந்துக்காரர் கிறிஸ்டியன் கிஸ்லர் விண்டோஸுக்கு அதே பாணியில் ஒன்று எழுதி 'விண்டோஸ் கமாண்டர்' என்று பெயர் வைத்தார். 'விண்டோஸ்' எங்கள் சொத்து என்று மைக்ரோசாஃப்ட் சொல்ல, 2002-ல் 'டோட்டல் கமாண்டர்' ஆனது. இன்றும் அவர் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார். அன்று எஃப்5-க்கு என்ன அர்த்தமோ இன்றும் அதேதான். கீழே ஐநூறு மேனேஜர்கள் உட்கார்ந்து வருஷத்துக்கு ஒரு தடவை பொத்தானை இடம் மாற்றுகிற கம்பெனியால் முடியாதது ஒரு தனி ஆளால் முடிந்திருக்கிறது.

(ஒன்று சொல்லிவிடுகிறேன். டோட்டல் கமாண்டர் ஓசி இல்லை. முயன்று பார்க்கலாம், பிடித்தால் காசு கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் 1, 2, 3-ல் ஒன்றை அமுக்கச் சொல்லிக் கெஞ்சும். பத்து வருஷமாக அமுக்கிக்கொண்டே இருக்கிற புண்ணியவான்கள் நம்மூரில் நிறைய. காசு கொடுக்க மனசில்லையா, அதே பாணியில் 'டபுள் கமாண்டர்' இருக்கிறது. முழுக்க இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். திருட்டு எதற்கு?)

மூன்றாவது குற்றச்சாட்டுதான் 'மை'யோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 2017-ல் எக்ஸ்ப்ளோரர் ஜன்னலுக்குள்ளேயே 'ஒன்டிரைவ் வாங்குங்கள்' என்று விளம்பரம் வந்தது. 2022-ல் விண்டோஸ் 11-ன் சோதனைப் பதிப்பில் மறுபடி விளம்பரம் எட்டிப் பார்த்தது. உலகமே சத்தம் போட்டதும், சும்மா பரிசோதனை என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். என் அலமாரியின் கதவில் எனக்கே போஸ்டர் ஒட்டுவது என்ன பரிசோதனை? அதோடு நிற்கவில்லை. புது மெஷினை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைக்கும்போது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவுக்குள் கொண்டுபோய் வைப்பது வர வர வழக்கமாகிவிட்டது. ஓசியாகக் கொடுக்கும் இடம் 5 ஜிபி. ஒரு கல்யாண ஆல்பத்துக்குக் காணாது. நிறைந்ததும் 'இடம் போதவில்லை, சந்தா கட்டுங்கள்' என்று தினம் ஒரு தட்டல். என் வீட்டு அலமாரி எப்போது வாடகை லாக்கர் ஆனது?

"பேக்கப் நல்லதுதானே சார்?" நல்லதுதான். நான் தேர்ந்தெடுத்தால் பேக்கப். கேட்காமல் தூக்கிக்கொண்டு போனால் அதற்குத் தமிழில் வேறு வார்த்தை இருக்கிறது.

இனி எதிர்க்கட்சி. "ஃபோல்டர் எல்லாம் எதுக்கு சார்? சர்ச் பண்ணினா கிடைச்சிடுது" என்று இளைய தலைமுறை சொல்கிறது. ஆங்கிலத்தில் யோசித்து ஆங்கிலத்தில் பெயர் வைப்பவருக்கு இது பாதி உண்மை. நாம் எப்படிப் பெயர் வைக்கிறோம்? தமிழ் வார்த்தையை ஆங்கில எழுத்தில். கல்யாணத்துக்கு ஒரு 'ஏ'வா, இரண்டு 'ஏ'வா? பத்திரிகைக்கு 'டி' பக்கத்தில் 'ஹெச்' உண்டா, இல்லையா? போன மாசம் அப்பா ஒரு மாதிரி வைத்திருப்பார், இந்த மாசம் மகள் வேறு மாதிரி தேடுவாள். கம்ப்யூட்டர் கையை விரித்துவிடும். இடம் தெரிந்தவனுக்குத் தேடல் ஒரு வசதி. இடமே தெரியாதவனுக்கு அது ஜோசியம். "அந்த ஃபைல் எங்கே இருக்கு?" என்று கேட்டால் "வாட்ஸ்அப்ல இருக்கு" என்று பதில் சொல்கிற தலைமுறை இது. போனை மாற்றினால் தெரியும்.

லினக்ஸ்காரர்கள் இதுவரை படித்துக் கை தட்டியிருப்பீர்கள். கொஞ்சம் நிறுத்துங்கள். உங்கள் வீட்டிலும் இதே ரகளை நடந்திருக்கிறது. நாட்டிலஸ் என்ற ஃபைல் மேனேஜரில் எஃப்3 தட்டினால் ஜன்னல் இரண்டாகும். 2012-ல், 'எளிமை' என்று சொல்லி அதைப் பிடுங்கிவிட்டார்கள். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அங்கே மூலநிரல் எல்லாருக்கும் சொந்தம். லினக்ஸ் மின்ட் கூட்டம் பழைய நாட்டிலஸை அப்படியே எடுத்து 'நெமோ' என்று வளர்த்தது. அதில் எஃப்3 இன்றும் வேலை செய்கிறது. பிடிக்கவில்லை என்றால் பிரிந்து போகலாம். அந்த உரிமைதான் பெரிசு. ஒரே ஜன்னலில் பல டேப் திறக்கும் வசதி நாட்டிலஸுக்கு 2008-ல் வந்தது. எக்ஸ்ப்ளோரருக்கு அது 2022 அக்டோபரில்தான் வந்தது. பதினாலு வருஷம். ராமன் காட்டுக்குப் போய்த் திரும்பின காலம்.

இந்த உரிமை நமக்குக் கைக்கெட்டின தூரத்தில் வந்துபோனது என்பதுதான் வயிற்றெரிச்சல். 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. விண்டோஸோடு கூடவே சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' அதில் இருந்தது. இரண்டு சமையற்காரர், இரண்டையும் ருசி பார்த்து வேண்டியதை வைத்துக்கொள் என்கிற ஏற்பாடு. என்ன செய்தோம்? பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கடைக்காரரிடம் கொண்டுபோய், "அந்த இன்னொண்ணை அழிச்சிட்டு விண்டோஸ் மட்டும் போட்டுக் கொடுங்கண்ணா" என்றோம். 2014-ல் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் கைவிரித்தபோது அரசு தன் அலுவலகங்களுக்கே பாஸ் போடச் சொன்னது. எத்தனை மேஜையில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அடுத்த தடவை தாலுகா ஆபீஸ் போனால் எட்டிப் பாருங்கள். பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக்கூட ஐ.டி. பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. அங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளை அதில் உட்கார்ந்துதான் செய்முறைத் தேர்வு எழுதுகிறது. அங்கே பிள்ளைகளுக்குக் குழப்பமாக இல்லையாம்.

2025-26 தமிழக பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருஷத்தில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். சந்தோஷம். ஆனால் கொடுக்கிற கையோடு ஒரே ஒரு நாள் வகுப்பு வையுங்கள். கோடிங் வேண்டாம், ஏஐ வேண்டாம். ஃபைல் என்றால் என்ன, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதற்கு எப்படிப் பெயர் வைப்பது, நகல் எடுப்பதற்கும் இடம் மாற்றுவதற்கும் என்ன வித்தியாசம், இதைச் செய்ய எத்தனை விதமான ஃபைல் மேனேஜர் இருக்கிறது. இதைத் தெரியாமல் ஏஐ படித்து என்ன பண்ணப் போகிறான்? ஏஐ எழுதிக் கொடுத்ததை எங்கே சேமித்தேன் என்று அதே ஏஐயிடம் கேட்பான்.

"இதெல்லாம் இன்ஜினியர்களுக்கு சார், நமக்கெதுக்கு?" என்பவர்களுக்குத் தனியாகப் பதில் சொல்லப்போவதில்லை. ஆட்டையாம்பட்டிக்குப் போங்கள், அந்தத் தம்பி சொல்லுவார்.

சரி, எதைப் போடுவது? விண்டோஸில் இருந்துகொண்டே மாறலாம், எதையும் அழிக்க வேண்டாம். டபுள் கமாண்டரை இறக்கி எக்ஸ்ப்ளோரர் பக்கத்திலேயே ஒரு மாசம் வைத்துப் பாருங்கள். அதை வெறும் இரட்டைப் பட்டியலாக நினைக்காதீர்கள். இரண்டு ஃபோல்டரையும் ஒப்பிட்டு எது புதுசு, எது பழசு, எது விட்டுப்போச்சு என்று சொல்லும். எண்ணூறு போட்டோவுக்கு வரிசையாகப் பெயர் மாற்றச் சொன்னால் நீங்கள் காபி எடுத்துவருவதற்குள் முடித்துவிடும். வால் மறைக்காது. விளம்பரம் ஒட்டாது.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷின் வீட்டில் தூசி தட்டிக் கிடக்கிறதா? காயலான் கடைக்குப் போடாதீர்கள். லினக்ஸ் மின்ட் போட்டால் நெமோ கூடவே வரும். மெஷின் இன்னும் நோஞ்சான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போடுங்கள், 'துனார்' வரும், சிட்டாகப் பறக்கும். எல்லாமும் ஒரே ஆளிடம் வேண்டும், நாலு விதமாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிற ரசிகர்களுக்கு கேடிஇ-யின் 'டால்ஃபின்'. என் ஓட்டு நெமோவுக்கு. டால்ஃபின் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

மாற்றவே மாட்டேன் என்று அடம் பிடிப்பவர்கள்கூட இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, மேலே 'வியூ', அதற்குள் 'ஷோ', அதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'. டிக் போடுங்கள். வால் எல்லாம் வெளியே வரும்.

மாறுகிறவர்களுக்கு இன்னொரு பரீட்சை. புது ஃபைல் மேனேஜரில் ஒரு காலி ஃபோல்டருக்குள் ஐந்து ஃபைல் உண்டாக்குங்கள். தமிழிலேயே பெயர் வையுங்கள்: பலா, மலர், வயல், ழகரம், னகரம். பெயர் வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். நம் நெடுங்கணக்குப்படி ப, ம, வ, ழ, ன என்று வர வேண்டும். யூனிகோடில் எழுத்துகளுக்கு எண் கொடுத்தபோது ன-வை ந-வுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள், ழ-வை வ-வுக்கு முன்னால் தள்ளிவிட்டார்கள். வெறும் எண் பார்த்து அடுக்குகிற மேனேஜர் னகரத்தை முதலில் கொண்டுவந்து நிறுத்தும். தமிழ் தெரிந்தது கடைசியில் நிறுத்தும். இன்டர்வியூவில் இந்த ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு ஆளை வேலைக்கு எடுங்கள்.